சிறு கணினியும் ஹாம் ரேடியோவும்: எது என்ன வேலை செய்கிறது?

ஏ.டி.எம். அட்டை அளவே உள்ள ஒரு கணினியை ஹாம் ரேடியோவோடு இணைத்தால் என்ன நடக்கிறது? கேட்டுப் பாருங்கள், மூன்று விதமான பதில் வரும். “எல்லாம் இன்டர்நெட்டில்தான் போகிறது, பேருக்குத்தான் ரேடியோ” என்பார் ஒருவர். “கணினியே ரேடியோவாகிவிட்டது, இனிமேல் ரேடியோப் பெட்டியே வேண்டாம்” என்பார் இன்னொருவர். “அதெல்லாம் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கிற இன்ஜினியர்களுக்கு, காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் இருந்துகொண்டு நாம் என்ன செய்துவிட முடியும்?” என்பார் மூன்றாமவர்.

மூன்றும் தவறு. முதலிரண்டும் தொழில்நுட்பம் பற்றிய தவறான புரிதல். பொறுமையாக எடுத்துச் சொன்னால் தீர்ந்துவிடும். மூன்றாவதுதான் கவலை தருகிறது. நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஓர் அறிவியல் வாய்ப்பை அது அவர்கள் கண்ணிலேயே படாமல் செய்துவிடுகிறது. ஆகவே எது என்ன வேலை செய்கிறது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

ஹாம் ரேடியோ என்பது

வியாபாரத்துக்காக அல்லாமல், கற்றுக்கொள்ளவும் பரிசோதனை செய்யவும் தனி மனிதர்கள் சொந்தமாக வானொலி நிலையம் வைத்துக்கொள்ள உலக நாடுகள் சில அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கின்றன. அதுதான் அமெச்சூர் வானொலி. வழக்கில் ஹாம் ரேடியோ. இந்தியாவில் இதற்கு மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். முதல் நிலைக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் தெரிய வேண்டும். தேறியவருக்கு ‘வியூ2’ அல்லது ‘வியூ3’ என்று தொடங்கும் அழைப்புக் குறி ஒன்று கிடைக்கும். உலகில் வேறு யாருக்கும் அதே குறி இருக்காது.

தமிழ்நாட்டில் வானொலி ஒலிபரப்பையே தொடங்கி வைத்தவர்கள் இத்தகைய ஆர்வலர்கள்தாம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று அந்தக் கிளப்பின் ஒலிபரப்பு ஆரம்பமானது. அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறக்கப் பல ஆண்டுகள் இருந்த காலம் அது. அரசும் நிறுவனங்களும் வருவதற்கு முன்பே ஆர்வம் உள்ளவர்கள் கருவியைக் கையில் எடுத்த மரபு நம்முடையது.

பலகைக் கணினி என்பது

ஒரே சர்க்யூட் பலகையில் பிராசசர், நினைவகம், யூ.எஸ்.பி. துளைகள் எல்லாம் அடங்கிய முழுக் கணினியைத்தான் ஒற்றைப் பலகைக் கணினி என்கிறோம். இவற்றில் அதிகம் புழங்குவது ராஸ்பெர்ரி பை. பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழக வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கி 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளியிட்டார்கள். 2021இல் வந்த ‘ஜீரோ 2 டபிள்யூ’ 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம்தான். அறிவிக்கப்பட்ட விலை 15 டாலர்.

ஹாம்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் அளவும் விலையும் மட்டும் அல்ல. லேப்டாப் 30, 40 வாட் மின்சாரம் கேட்கும் இடத்தில் ஜீரோ 2 டபிள்யூ ஓரிரு வாட்டில் ஓடும். விசிறி இல்லாததால் சத்தம் இல்லை. லினக்ஸில் இயங்குவதால் ஹாம்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள்கள் அப்படியே ஏறிவிடும். இரவு பகலாக ஓடவிட்டாலும் மின் கட்டணம் பெரிதாகத் தெரியாது.

இரண்டுக்கும் இடையில் மூன்று இணைப்புகள்

ரேடியோவிலிருந்து கணினிக்கு ஒலி போக வேண்டும். கணினியிலிருந்து ரேடியோவுக்கு ஒலி வர வேண்டும். ‘இப்போது அனுப்பு’ என்று ரேடியோவின் பொத்தானைக் கணினி தன் கட்டளையால் அழுத்த வேண்டும். இந்த மூன்றே மூன்று இணைப்புதான். அலைவரிசையை மாற்றும் வேலையையும் கணினியிடம் விட நினைத்தால் நான்காவதாக ஒரு கட்டுப்பாட்டுக் கேபிள் தேவைப்படும். அதற்கு ஹாம்லிப் என்ற பொது மென்பொருள் இருக்கிறது.

ராஸ்பெர்ரி பையில் மைக் துளை கிடையாது. எனவே யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன சவுண்டு கார்டு ஒன்று வாங்க வேண்டும். புதிய ரேடியோக்கள் பலவற்றில் இந்தக் கார்டு உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு ஒரே யூ.எஸ்.பி. கேபிள் போதும். பழைய ரேடியோ என்றால் ஒலிக் கம்பிகளுக்கு நடுவே சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலை அனுப்பும் ஒலியில் ஏற்றிவிடும்.

முதல் தவறான பதில் இங்கேயே விழுந்துவிடுகிறது. கணினி தருவது ஒலி. அதை அலையாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புவது ரேடியோ. அந்த அலை சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பி இன்னொரு நாட்டில் இறங்குகிறது. நடுவில் டவரும் இல்லை, கடலடிக் கேபிளும் இல்லை. கோட்டையூரில் இன்டர்நெட் முழுவதும் நின்றுபோன நாளிலும் இது வேலை செய்யும்.

ஹாட்ஸ்பாட் என்ற சிறு பெட்டியில் ராஸ்பெர்ரி பையை வைத்து, கையடக்க ரேடியோவை இன்டர்நெட் வழியாக உலகோடு இணைக்கும் முறையும் இருக்கிறது. “பேருக்குத்தான் ரேடியோ” என்ற எண்ணம் அதைப் பார்த்தவர்களிடமிருந்து வந்ததுதான். அதற்கு இன்டர்நெட் வேண்டும்; இந்திய உரிம விதிகளையும் கவனமாகப் பார்க்க வேண்டும். நாம் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

கணினி ஏன் வேண்டும்?

ரேடியோவில் நேராகப் பேசலாமே, நடுவில் கணினி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மனிதக் காதுக்கு ஓர் எல்லை உண்டு என்பதுதான் பதில். பேச்சு புரிய வேண்டுமானால் குரல் இரைச்சலைவிட ஓங்கி இருக்க வேண்டும். மோர்ஸ் குறியீட்டில் தேர்ந்த காது இரைச்சலுக்கு உள்ளேயும் கொஞ்சம் ஊடுருவிக் கேட்கும். அதற்கும் கீழே அமிழ்ந்துபோன சிக்னல் குறிப்புகளைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க முடியும்.

அந்தக் கணக்கை ஹாம்களுக்குக் கொண்டுவந்தவர் ஜோ டெய்லர். அமெரிக்க வானியலாளர். ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து 1974இல் இரட்டைப் பல்சார் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். விண்வெளியிலிருந்து வரும் மிக மெலிந்த துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அவர் தொழில். சிறு வயதிலிருந்தே ஹாம் என்பதால் அந்த வித்தையைச் சக ஹாம்களுக்கும் எழுதிக் கொடுத்தார். 2008இல் ‘விஸ்பர்’ என்ற முறை வந்தது. 2017இல் ஸ்டீவ் ஃபிராங்கும் அவரும் சேர்ந்து ‘எஃப்.டி.8’ என்ற முறையை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் ஹாம்கள் பெருவாரியாகப் புழங்குவது அதைத்தான்.

எஃப்.டி.8 எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒரு செய்திக்கு 77 பிட்டுகள். அதற்குள் அனுப்புகிறவர் குறி, பெறுகிறவர் குறி, இருக்கும் இடம் மூன்றும் சுருக்கி அடைக்கப்படுகின்றன. சரிதானா என்று சோதிக்க 14 பிட்டுகள் சேர்கின்றன. பிறகு பிழை திருத்தும் கணக்கு அந்த 91 பிட்டை 174 பிட்டாக விரிக்கிறது. சந்தை இரைச்சலில் தூரத்தில் நிற்பவருக்கு ஒரு பேரைச் சொல்ல வேண்டுமானால் நாம் அதைப் பல விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறோமே, அதே காரியத்தைத்தான் கணிதம் ஒழுங்காகச் செய்கிறது. எழுத்துகளில் ஒரு பகுதி இரைச்சலில் அழிந்தாலும் மீதியை வைத்து முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம்.

இந்த 174 பிட்டுகள் எட்டு வெவ்வேறு சுருதிகளாக மாறி, ஒவ்வொன்றும் 0.16 விநாடி நீளத்தில், மொத்தம் 12.64 விநாடியில் போய்ச் சேர்கின்றன. அது அடைக்கும் அகலம் 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஒருவர் பேசும் குரலுக்கு வேண்டிய இடத்தில் பல டஜன் நிலையங்கள் ஒரே நேரத்தில் புழங்கலாம். சாதாரண ரேடியோ கேட்கும் 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் இருக்கும் மொத்த இரைச்சல், குறிப்பைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தாலும் கணினி படித்துவிடும். விஸ்பர் இன்னும் மெதுவானது. அழைப்புக் குறி, இடம், திறன் ஆகியவற்றை மட்டும் 50 பிட்டில் அடைத்து, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுத்து அனுப்பும். இரைச்சல் 600 மடங்கு பெரிதாக இருந்தாலும் மீண்டு வரும். கால் வாட்டுக்கும் குறைந்த திறனில் அனுப்பிய விஸ்பர் குறிப்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எடுக்கப்படுவது அன்றாடம் நடப்பது.

15 விநாடிக்கு ஒருமுறை இத்தனை நிலையங்களின் சுருதிகளையும் பிரித்துக் கணக்குப் போட்டு முடிக்கும் வேலையை ஏ.டி.எம். அட்டை அளவுப் பலகை செய்கிறது. கணினி ரேடியோவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. ரேடியோ கேட்டதைக் கூர்ந்து படிக்கிறது. இரண்டாவது தவறான பதிலுக்கு இதுவே விடை.

பையின் ஒரு முனையில் நேராகக் கம்பியைச் செருகியே அலை அனுப்பலாம் என்று சிலர் சொல்வது உண்மைதான். சில மில்லிவாட் வரும். ஆனால் அந்த முனை தருவது சதுர அலை. 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 21இலும் 35இலும் சேர்ந்தே கிளம்பும். பிறருடைய அலைவரிசையைக் கெடுக்கும். அந்த மேல் அலைகளைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் இல்லாமல் இதை ஆன்டெனாவோடு இணைக்கவே கூடாது.

ஹைதராபாத்தின் உதாரணம்

ரேடியோவும் பலகைக் கணினியும் முறையாக ஒன்றாய்ச் சேர்ந்த கருவிக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹாம் அஷார் ஃபர்ஹான். வெளிநாட்டு ரேடியோ வாங்க வசதியில்லாத இந்திய ஹாம்கள் தாமே செய்துகொள்ளட்டும் என்று 2003இல் ‘பிட்எக்ஸ்’ என்ற வடிவமைப்பை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார். சுருள் சுற்றுவதற்கான ஃபெரைட் வளையம் கிடைக்காத ஊர்களில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் காட்டியிருந்தார். அந்த வடிவமைப்பு உலகம் முழுவதும் பரவியது. பின்னாளில் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் பெட்டிகளின் பலகைகளைத் தயாரிக்கும் வேலையில் ஹைதராபாத்துப் பெண்கள் குழு ஒன்று ஈடுபட்டது.

அதே வரிசையில் வந்த ‘எஸ்பிட்எக்ஸ்’ ரேடியோவுக்கு உள்ளே ராஸ்பெர்ரி பை 4 உட்கார்ந்திருக்கிறது. முன்னால் தொடுதிரை. குறிப்பைப் பிரிப்பது, ஒலியாக்குவது, எஃப்.டி.8 படிப்பது எல்லாம் உள்ளிருக்கும் பையின் வேலை. அலையை வாங்கி அனுப்பும் சர்க்யூட் தனியாக இருக்கிறது. சர்க்யூட் படமும் மென்பொருளும் திறந்தவை. யாரும் படிக்கலாம், திருத்தலாம். அடுத்து வந்த ‘ஸெட்பிட்எக்ஸ்’ ஜீரோ 2 டபிள்யூ பலகையை வைத்து இன்னும் சிறிதாக்கப்பட்டது. ஓர் இந்திய ஹாமின் வேலையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்கிறார்கள். நம் பொறியியல் மாணவர்களும் இதைத் திறந்து பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வைத்தால் எதில் இடறும்?

அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனால் தானாக ஓடும் என்று நினைக்க வேண்டாம். நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது நேரம். எஃப்.டி.8இல் அனுப்புகிறவர், கேட்கிறவர் இருவருடைய கடிகாரமும் ஒரு விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட்டைக் கேட்டுத்தான் நேரம் வைத்துக்கொள்ளும். இன்டர்நெட் இல்லாத நாளில் கருவி நன்றாக இருந்தும் எதுவும் படிக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சிறிய பேட்டரியோடு வரும் ஆர்.டி.சி. மாட்யூல் அல்லது ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது எஸ்.டி. கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்புகள் சிதையும். மின்வெட்டு வழக்கமான ஊரில் பேட்டரி வழியாகவே பலகைக்கு மின்சாரம் கொடுங்கள். கார்டை ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் வைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். ஒரு நகல் கார்டை எப்போதும் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது இரைச்சல். மலிவான மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் ரேடியோ இரைச்சலைக் கக்கும். பையும் அதன் சார்ஜரும்கூட அப்படித்தான். பலகையை உலோகப் பெட்டிக்குள் வைத்து, கேபிள்களில் ஃபெரைட் மணி மாட்டி, ஆன்டெனாவை வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டினால் பெரிதும் குறையும். நல்ல மென்பொருளைத் தேடுவதற்கு முன் இரைச்சலைக் குறையுங்கள். பலன் அதில்தான் அதிகம்.

நான்காவது மின்சாரம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. ஆயுள் கெடாமல் பாதிதான் எடுக்கலாம். 42 என்று வைப்போம். பைக்கு 2 வாட், கேட்கும் நிலையில் சிறு ரேடியோவுக்கு 2 வாட் என்றால் பத்து மணி நேரம் ஓடும். நம் வெயிலுக்குச் சிறிய சோலார் பேனலே அதைத் தினமும் நிரப்பிவிடும். பேட்டரி பற்றிச் சந்தேகம் கேட்கவும் தூரம் போக வேண்டாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியத் துறைகளில் ஒன்றே அதுதான்.

கோட்டையூருக்கு என்ன தனிச் சிறப்பு?

இங்கேதான் மூன்றாவது தவறான பதிலுக்கு வருகிறோம். ஹாம்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கு 10 முதல் 11 பாகை வரை, கிழக்கு 78 முதல் 80 பாகை வரை உள்ள கட்டம் எம்.கே.90. கோட்டையூரும் காரைக்குடியும் இதன் தென் ஓரத்தில் வருகின்றன. பத்தாம் பாகைக்குக் கொஞ்சம் தெற்கே இருப்பதால் தேவகோட்டையும் சிவகங்கையும் அடுத்த கட்டமான எம்.ஜே.99இல் விழுந்துவிடுகின்றன. ஆக ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கட்டங்கள். உலகெங்கும் கட்டங்களைத் தேடித் தொடர்பு கொள்வதையே ஆர்வமாக வைத்திருக்கும் ஹாம்கள் நிறையப் பேர்.

அதைவிடப் பெரிய காரணம் காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்கோடி வழியாகச் செல்கிறது. நாம் அதற்கு மிக அருகில் இருக்கிறோம். பகல் நேரத்தில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் இந்தக் கோட்டை ஒட்டி ஒரு வலுவான மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு மேலே உள்ள அயனிகள் தூக்கப்பட்டு, வடக்கிலும் தெற்கிலும் போய் இறங்குகின்றன. சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் எழுந்து ரேடியோ குறிப்புகளைப் படபடக்க வைக்கின்றன, ஜி.பி.எஸ்.கூடத் தடுமாறும். இதை ஆராயத்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான விஸ்பர் நிலையங்கள் இரவு பகலாகப் பதிவு செய்கின்றன. காந்த நடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பகுதியில் அவை மிகக் குறைவு. இங்கே ஒரு நிலையம் கூடினால் அது நிஜமாகவே புதிய தகவல்.

அமெரிக்காவில் ஹாம்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் ‘ஹாம்சை’ என்ற கூட்டு முயற்சி, 2017, 2023, 2024 கிரகணங்களின்போது அயனி மண்டலம் எப்படி மாறியது என்று ஹாம் நிலையங்களை வைத்தே அளந்தது. அதற்கென அவர்கள் உருவாக்கிய ‘கிரேப்’ என்ற மலிவான ரிசீவர் ராஸ்பெர்ரி பையோடு சேர்ந்து இயங்குவது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வழியே கங்கண சூரிய கிரகணம் சென்றதை நாம் கண்ணால் பார்த்தோம். அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று தென்னிந்தியாவைக் கடக்கிறது. இந்த முறை அளக்கவும் செய்யலாம். தயாராக நேரம் இருக்கிறது.

ஆன்டெனாவுக்கு இடம்? 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் நீளக் கம்பி வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர் போதும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளின் நீளத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒன்று மட்டும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இறங்கும் ஊர் இது. வேலை இல்லாதபோது ஆன்டெனாவைக் கழற்றி எர்த்தில் போட்டுவிடுங்கள்.

இந்த ஊர்க்காரர்களின் தாத்தாக்கள் கடல் கடந்து வணிகத்துக்காகக் ‘கொண்டுவிக்கப்’ போன ஊர்கள் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன். ஹாம்களின் கணக்கில் அவை எக்ஸ்ஸெட், 9எம், 9வி, 4எஸ், எக்ஸ்வி என்ற முன்குறிகள். மாலை நேரத்தில் 14 மெகாஹெர்ட்ஸில், பக்கத்தில் இருக்கும் கொழும்பு தவிர, மற்றத் திசைகள் திறக்கும். கடல் கடந்து கடிதம் போக வாரக்கணக்கில் ஆன அதே தூரத்தை ஒரு கம்பியும் சில வாட் திறனும் கடப்பதைப் பிள்ளைகள் திரையில் பார்க்கட்டும்.

சிறிய ஊரில் பொறுமையாகச் சேர்த்துவைத்தது உலகுக்குப் பயன்படும் என்பதற்குக் கோட்டையூரே சாட்சி. ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் நோட்டீசுகளும் 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் பெரிய ஆய்வு நூலகமாகின. சேர்க்கும்போது அவற்றின் மதிப்பு பலருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் தவறாமல் எழுதப்படும் ரேடியோ பதிவும் அப்படித்தான் ஆராய்ச்சிக்கு உதவும்.

இடர் நாளில்

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் நிலையம் அமைத்துப் பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் அறுந்தன. போர்ட் பிளேரிலிருந்து அந்தக் குழு பரிசோதனையை நிறுத்திவிட்டு, காணாமல் போனவர்கள் பற்றியும் தப்பியவர்கள் பற்றியும் செய்திகளைத் தாய்நிலத்துக்கு அனுப்பியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறிப் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகப் போனதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாய்ந்த மின்கம்பங்கள் நிமிர நாளானது. மொபைல் டவர்களின் பேட்டரிகள் அதுவரை தாங்கவில்லை.

அப்படிப்பட்ட நாளில் 7 மெகாஹெர்ட்ஸில், தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து அலை நேராக மேலே போய்த் திரும்பி, பகல் வேளையில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் விழும். கோட்டையூரிலிருந்து சென்னையும் மதுரையும் நாகப்பட்டினமும் அதற்குள் அடங்கும். எஃப்.டி.8 இதற்கு உதவாது. அதில் சொந்தமாக எழுத முடிவது 13 ஆங்கில எழுத்துகள்தாம். அதே தொழில்நுட்பத்தில் 2018இல் வந்த ‘ஜே.எஸ்.8 கால்’ விசைப்பலகையில் அடிக்கும் வாக்கியங்களை அனுப்பும். ஆள் இல்லாதபோது செய்தியை வாங்கியும் வைக்கும். எஃப்.எல்.டிஜி போன்ற மென்பொருளில் எட்டு பிட் எழுத்துகளை ஏற்கும் முறைகள் வழியே தமிழிலேயே அனுப்பலாம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் மெதுவாகப் போகும். மருந்துப் பட்டியலையும் ஊர்ப் பெயரையும் பிழையில்லாமல் சேர்க்க அந்த வேகமே போதும்.

செய்யக் கூடாதவை

உரிமம் இல்லாமல் அனுப்பக் கூடாது. அரை வாட்டாக இருந்தாலும் சரி. அனுமதியின்றி வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. எனவே கருவியை வாங்குவதற்கு முன் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக் கூடாது. பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்து அனுப்பக் கூடாது, எஃப்.டி.8 போன்றவற்றின் கட்டமைப்பு பொதுவில் இருப்பதால் அவை இந்தத் தடையில் வரா. கணினி தானாக அனுப்பும் என்பதற்காக அதை ஓடவிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது. அனுப்பும் ஒவ்வொரு அலைக்கும் உரிமம் பெற்றவரே பொறுப்பு.

எங்கே தொடங்குவது?

உரிமம் கைக்கு வரும்வரை கற்பதற்கு நிறைய இருக்கிறது. பையில் லினக்ஸ் ஏற்றிப் பழகலாம். ரேடியோ இல்லாமலே, பதிவு செய்த எஃப்.டி.8 ஒலிக்கோப்பைக் கொடுத்து மென்பொருள் அதை எப்படிப் படிக்கிறது என்று பார்க்கலாம். சாலிடரிங் பழகலாம். உரிமம் வந்ததும் முதலில் கேளுங்கள். சில வாரங்கள் பகலும் இரவும் எந்தத் திசை எப்போது திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு குறைந்த திறனில் அனுப்பத் தொடங்கலாம். டி.டி.எச். டிஷ் மிச்சம் இருந்தால் மேற்கே வானில் சுமார் 29 பாகை உயரத்தில் நிற்கும் க்யூ.ஓ.-100 செயற்கைக்கோளைத் தேடுங்கள். 2018 நவம்பரில் ஏவப்பட்டது. ஹாம்களுக்கான டிரான்ஸ்பாண்டர் அதில் இருக்கிறது. சாதாரண எல்.என்.பி., ஒரு யூ.எஸ்.பி. எஸ்.டி.ஆர். டாங்கிள், ஒரு பை இவை மூன்றும் இருந்தால் அதைக் கேட்கலாம்.

கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பொறியியல் கல்லூரி தொடங்கினார். அறிவியல் பெரிய நகரங்களுக்கு மட்டும் உரியது என்று அவர் நினைக்கவில்லை. அந்த நிறுவனங்களில் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களில் சிலரை ஹாம் தேர்வுக்கு அனுப்புங்கள். கல்லூரிக்கு ஒரு கிளப் நிலையமும், அதில் இரவு பகலாகக் கேட்கும் ஒரு விஸ்பர் ரிசீவரும் அமையுங்கள். 2031 மே மாதத்துக்குள் எம்.கே.90 கட்டத்தில் குறைந்தது ஒரு நிலையமாவது தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். பெற்றோர்களே, வீட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை சாலிடரிங் இரும்பைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.